நேரா ஏறிடலாம்டா!

பெரும்பாறையில் காப்பித் தோட்டங்களைத் தாண்டியதும், ஏதோ ஓர் உச்சியைக் கைகாட்டி "பாதை எதுக்கு, நேரா ஏறிடலாம்டா" என்பான் ஒருவன். எல்லாக் கோஷ்டியிலும் அப்படி ஒருவன் உண்டு! பழனி மலையின் புல்சரிவு தூரத்தில் மெத்தை மாதிரிதான் தெரியும். மார்ச் மாதத்தில் அந்தக் காய்ந்த புல்தான் எமன். சரிவில் தீ மேல்நோக்கிப் பாய்ந்தால் ஆள் ஓடித் தப்ப முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் விதிகள் வந்தன. 2024-ல் அரசே 40 மலைப் பாதைகளை, உள்ளூர் வழிகாட்டிகளோடு, ஆன்லைனில் திறந்தது. இதைப் போய் 'பெர்மிட் தொல்லை' என்று திட்டுவது அநியாயம். தலைமுறையாகத் தேன் எடுத்துத் திரிந்த பளியர்களுக்குத் தெரிந்த காடு எந்த ஜிபிஎஸ்ஸிலும் கிடையாது. அவர்களுக்குக் கூலி கொடுக்கக் கணக்குப் பார்க்கிறவர்கள், ஷூவுக்கு மட்டும் பேரமே பேசாமல் நாலாயிரத்தை நீட்டுகிறார்கள்.