அணித் தோழனின் மறைவும் அந்த ஐந்து நிமிடமும்

தகப்பனார் காலமானார் என்று எழுதிக் கொடுத்தால் அலுவலகத்தில் லீவு கிடைக்கும். அண்ணன், தம்பி, மைத்துனன் என்றாலும் மேலதிகாரி மறுபேச்சுப் பேசுவதில்லை. ஆனால் "கூட விளையாடியவன் போய்விட்டான்" என்று சொல்லி எந்தக் குமாஸ்தா லீவு கேட்டிருக்கிறார்? கேட்டாலும், "அவர் உமக்கு என்ன உறவு?" என்ற கேள்விதான் முதலில் வரும். அதற்கு என்ன பதில் எழுதுவது?

ஊரை விட்டு வந்து சாந்த்ராகாச்சியில் பிழைக்கும் தமிழருக்கு இந்த உறவு லேசானது அல்ல. சென்னை இங்கிருந்து ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர். பங்காளிகளும் மாமன் மச்சான்களும் அங்கே. இங்கே இருப்பவன், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வாசலில் வந்து மணியடிக்கிற சைக்கிள்காரன்தான். ரயில்வே யார்டு ஊழியர், கம்பெனிக் கணக்கர், கடைச் சிப்பந்தி என்று நாலைந்து பேர் சேர்ந்து ஜீல் பக்கம் ஒரு சுற்று, கோனா எக்ஸ்பிரஸ்வேயில் லாரிகள் பெருகுமுன் ஒரு சுற்று என்று போய் வந்தால் அதுவும் ஓர் அணியே. பெயர்ப் பலகையும் சந்தா ரசீதும் இருந்தால்தான் அணி என்பதில்லை. பாலத்து ஏற்றத்தில் யாருக்கு மூச்சு வாங்கும், யார் முன்னால் போய் எதிர்க்காற்றைத் தாங்குவார், டீக்கடையைக் கண்டதும் யார் முதலில் இறங்குவார் என்பதெல்லாம் வீட்டாரைவிட இவர்களுக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட ஒருவன் திடீரென்று ஒரு நாள் இல்லாமற் போனால், மறு ஞாயிறு மற்றவர்கள் சைக்கிளை வெளியே எடுக்கக் கூசுகிறார்கள்.

கல்கத்தா இத்தகைய துயரத்தை நேரில் கண்ட ஊர். 2015 ஏப்ரல் 17 அன்று சால்ட் லேக்கில் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கும் பவானிபூர் கிளப்புக்கும் ஒருநாள் கிரிக்கெட் ஆட்டம். அங்கித் கேசரி என்ற 20 வயது இளைஞர், 19 வயதுக்குட்பட்ட வங்காள அணிக்குத் தலைவராக இருந்தவர், அன்று ஆடும் பதினொருவரில் இல்லை. இன்னொருவருக்குப் பதிலாக ஈஸ்ட் பெங்கால் தரப்பில் பீல்டிங் செய்ய இறங்கினார். உயரே எழும்பிய பந்தைப் பிடிக்க அவர் ஓடினார்; பந்து வீசிய சொந்த அணிக்காரரும் ஓடினார். இருவர் கண்ணும் பந்தின் மேலேயே இருந்தது. மோதி விழுந்த கேசரி, ஏப்ரல் 20 அன்று மருத்துவமனையில் உயிர் நீத்தார்.

அன்று பத்திரிகைகள் மறைந்தவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. எழுத வேண்டியதுதான். ஆனால் அவரோடு மோதிய தோழர் அன்றிரவு எப்படித் தூங்கியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே. அணித் தோழனின் துக்கத்தில் இப்படி ஒரு முள் எப்போதும் உண்டு: "அந்த நேரத்தில் நான் வேறு ஏதாவது செய்திருக்கலாமோ?" உறவினர்கள் தொலைவிலிருந்து செய்தி கேட்டு அழுகிறார்கள். இவனோ பக்கத்திலேயே இருந்தவன்.

மறைந்தவரை நினைவுகூர அணிகள் பல வழி கண்டிருக்கின்றன. 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரில் பெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராக டெம்போ அணியின் இரண்டாவது கோலை அடித்த அதே கணத்தில் விழுந்து மாண்டார் பிரேசில் நாட்டு வீரர் கிறிஸ்தியானோ ஜூனியர். அதற்கு முன் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடியவர் என்பதால் கல்கத்தா ரசிகர்களுக்கும் அவர் சொந்தப்பிள்ளை. அவர் அணிந்த 10ஆம் எண் பனியனை இனி யாருக்கும் தருவதில்லை என்று டெம்போ முடிவு செய்தது. கடலூர் மாவட்டத்தில் 2022 ஜூலையில் கபடி ஆட்டத்தின் நடுவே உயிரிழந்த 22 வயது வாலிபரை, அவர் வென்ற கோப்பையோடு சேர்த்தே அடக்கம் செய்தார்கள். கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு எத்தனையோ சடங்கு வைத்திருக்கும் ஊரில், அந்தக் கோப்பை எந்தச் சாஸ்திரத்திலும் இல்லாதது. ஆனாலும் அதைவிடப் பொருத்தமானது வேறென்ன இருக்க முடியும்?

படத்துக்கு மாலை போடுவதும், இரண்டு நிமிடம் மௌனம் காப்பதும், குடும்பத்துக்கு வசூல் செய்து அனுப்புவதும் எல்லாமே செய்ய வேண்டியவை. சாந்த்ராகாச்சித் தமிழர்கள் இதில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் இவை யாவும் உயிர் போன பிறகு செய்பவை. உயிர் போய்க்கொண்டிருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் அணி என்ன செய்தது என்ற கேள்வியை எந்த இரங்கல் கூட்டமும் எழுப்புவதில்லை. எழுப்பினால் மனம் புண்படும் என்ற தாட்சண்யம். அந்தத் தாட்சண்யம் அடுத்தவன் உயிருக்கு உலை வைக்கிறது.

சைக்கிள் விளையாட்டின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. மில்கா சிங் நான்காவதாக வந்த அதே 1960 ரோம் ஒலிம்பிக்கில், போட்டிகள் தொடங்கிய மறுநாள், ஆகஸ்ட் 26 அன்று, 100 கிலோமீட்டர் குழு சைக்கிள் பந்தயம் நடந்தது. அணிக்கு நால்வர், எல்லோரும் அமெச்சூர்கள். மூன்றாவது ஆள் எல்லையைத் தொடும் நேரமே அணியின் நேரம். ஆகவே மூவராவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். அன்று வெயில் 40 டிகிரி அளவுக்குக் கொளுத்தியது. டென்மார்க் அணியில் ஒருவர் வெயில் தாங்காமல் ஆரம்பத்திலேயே விலகிவிட்டார். மீதி மூவரில் ஒருவரான க்னுட் எனமார்க் ஜென்சன், 23 வயதுக்காரர், தலை சுற்றுகிறது என்றார். அவர் நின்றால் அணியே பந்தயத்திலிருந்து வெளியே. தோழர் ஒருவர் பனியனைப் பிடித்துத் தாங்கினார்; மற்றவர் தண்ணீர் தெளித்தார். சற்றுத் தேறியது போலத் தெரிந்தது. கையை விட்டார்கள். ஜென்சன் தார்ச்சாலையில் தலைகுப்புற விழுந்தார், மண்டை உடைந்தது. அன்று பிற்பகலே இறந்தார்.

போதை மருந்தே காரணம் என்று பல ஆண்டுகள் உலகம் பேசியது. வெயிலின் தாக்குதலே முக்கியக் காரணம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் வாதாடினார்கள். அந்த விவாதம் ஒருபுறம் கிடக்கட்டும். அந்த இரு தோழர்களும் அன்பில் குறைந்தவர்களா? அல்லவே. ஓடும் சைக்கிளிலிருந்து கை நீட்டி இன்னொருவனைத் தாங்குவது எவ்வளவு கடினம் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். அவரை இறக்கி நிழலில் படுக்க வைத்திருக்க வேண்டும். நிமிர்த்தி ஓட்ட வைத்தார்கள். ஒலிம்பிக்கில் பந்தய விதி கட்டாயப்படுத்தியது. ஞாயிற்றுக்கிழமைச் சவாரியில் எந்த விதியும் கிடையாது. ஆயினும் தலை சுற்றுகிறது என்பவனிடம், "இன்னும் கொஞ்ச தூரம்தான், வா" என்று சொல்லாத குழு உண்டா?

அதே டென்மார்க், 61 ஆண்டுகளுக்குப் பிறகு. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டி. யாரும் மோதாமலேயே கிறிஸ்டியன் எரிக்சன் சுருண்டு விழுந்தார், இதயம் நின்றுவிட்டது. அணித் தலைவர் சைமன் கியேர் முதலில் ஓடி வந்தார். வைத்தியர்கள் மார்பை அழுத்தினார்கள். மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். மற்ற ஆட்டக்காரர்கள் சுற்றி வளையமாக நின்று, காமிராக்களின் கண்ணில் படாமல் தோழனை மறைத்தார்கள். எரிக்சன் பிழைத்தார். 2024 ஐரோப்பியப் போட்டியில் தம் நாட்டுக்காக மீண்டும் ஒரு கோலும் அடித்தார்.

அங்கே டாக்டரும் கருவியும் மைதான ஓரத்திலேயே இருந்தன. கோனா சாலையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கருவி இல்லை, ஆனால் கைகள் இருக்கின்றன. இதயம் நின்றவருக்கு ஒன்றும் செய்யாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது என்கிறது மருத்துவம். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால், ஒருவர் 112க்குப் போன் செய்ய, இன்னொருவர் உடனே மார்பின் நடுவில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை, ஆள் மாற்றி ஆள். தையல் வேலை கற்றுக்கொள்பவர் மிஷின் மிதிக்கப் பழகுவதைவிடக் குறைந்த நேரத்தில் இதைப் பழகிவிடலாம்.

சோடாக் கதையும் உண்டு. நெஞ்சில் இறுக்கம், இடது தோளில் வலி, ஓட்டும்போது கண் இருட்டிக்கொண்டு வருதல் என்று உடம்பு முன்கூட்டியே சொல்வது உண்டு. ஈ.எஸ்.ஐ. அட்டையோ ரயில்வே மருத்துவ அட்டையோ பையில் இருக்க, "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்ற பயம்; ஊரில் கேள்விப்பட்டால் கவலைப்படுவார்கள் என்ற தயக்கம். மனைவியிடம் மறைத்ததை இவர்கள் மறைக்காமல் சொல்வது சைக்கிள் தோழனிடம்தான். கேட்டவன் சிரித்துவிட்டு விடாமல், மறுநாளே ஆஸ்பத்திரி வரிசையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

"பாஷை தெரியாத ஊரில் போலீஸ் கேஸ் ஆகிவிட்டால்?" என்ற அச்சமும் கையைக் கட்டிப்போடுகிறது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவுவோரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் ஒப்புதல் தந்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பெயரைச் சொல்லும்படிகூட அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. இதைத் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழா மேடையில் ஒரு பத்து நிமிடம் சொன்னால், அங்கே நடக்கும் சொற்பொழிவுகளில் அதுவே பயனுள்ளதாக இருக்கும்.

கடைசியாக ஒரு சிறு காரியம். ஆண்டுக்கணக்கில் கூடவே சைக்கிள் ஓட்டியவனின் ஊர் வீட்டுப் போன் நம்பர் தோழர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? அவனுடைய செல்போனிலோ பூட்டு. திறக்கும் விரல் அசையாது. பெயர், ரத்த வகை, ஊரில் தகவல் சொல்ல வேண்டியவரின் நம்பர், இங்கே தங்கியிருக்கும் வீட்டுக்காரர் நம்பர் ஆகியவற்றை ஒரு துண்டு அட்டையில் எழுதி, மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறையில் போட்டு, சீட்டுக்கு அடியில் கட்டிவைக்கலாம். தமிழில் மட்டும் எழுதினால் போதாது. வங்காளியிலும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சாலையில் முதலில் ஓடி வந்து அதை எடுத்துப் படிக்கப் போகிறவர் பெரும்பாலும் பக்கத்து டீக்கடைக்காரராகத்தான் இருப்பார்.