பட்டியல்தானே என்று விட்டுவிட்டால்...

"வாலட்டில் உள்ள கணக்குகளைப் பட்டியலிடும்."

ஏஐ ஏஜென்ட்டுக்காக பிளாக்செயின் கருவி செய்கிறவர், பணம் அனுப்பும் கருவிக்கு அரைப் பக்கம் விளக்கம் எழுதுவார். கணக்குப் பட்டியல் கருவிக்கு மட்டும் மேலே உள்ள ஒற்றை வரியோடு முடித்துக்கொள்வார். பட்டியல்தானே, பணமா போய்விடப் போகிறது என்ற நினைப்பு. அங்கேதான் சிக்கல்.

கொஞ்சம் பின்னணி. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. அதன்படி ஒரு கருவி ஏஜென்ட்டிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்வது முக்கியமாக மூன்று விஷயங்களால்: பெயர், விளக்கம், என்னென்ன விவரம் கொடுத்து அழைக்க வேண்டும் என்ற அமைப்பு. உள்ளே இருக்கும் கோடு ஏஜென்ட் கண்ணில் படாது. விளக்கத்தைப் படித்துத்தான் எந்தக் கருவியை எப்போது அழைப்பது என்று முடிவு செய்யும். மனிதர்களுக்கு எழுதும் மானுவலை யாரும் படிப்பதில்லை என்பது ஊரறிந்த ரகசியம் :-) இங்கே படிக்கிற ஆசாமி எழுத்து விடாமல் படிக்கிறது, நம்பியும் விடுகிறது.

அந்த நம்பிக்கைக்கு விலை எவ்வளவு என்று அதே நவம்பரில் தெரிந்தது. ஃப்ரெய்சா என்ற ஏஐ ஏஜென்ட்டிடம் ஒரு பரிசுப் பணத்தைக் கொடுத்து, என்ன ஆனாலும் யாருக்கும் தராதே என்று கட்டளையிட்டிருந்தார்கள். கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பேசிப் பார்க்கலாம். 482-வது முயற்சியில் ஒருவர் ஜெயித்தார். கோடை உடைக்கவில்லை, சாவியைத் திருடவில்லை. பணம் தர ஒப்புதல் கொடுக்கும் கருவியை, பணம் உள்ளே வரும்போது பயன்படுத்தும் கருவி என்று நம்பவைத்தார். பிறகு, "நான் 100 டாலர் தருகிறேன்" என்றார். சுமார் 47,000 டாலர் அவர் கைக்குப் போனது. ஒரு கருவிக்கு என்ன அர்த்தம் என்பதை மாற்றியே இதைச் செய்ய முடிந்திருக்கிறது.

சரி, அது பணம் அனுப்பும் கருவி. பட்டியலில் என்ன ஆபத்து?

முதல் ஆபத்து, காலிப் பட்டியல். முன்பெல்லாம் வாலட் உள்ள பிரவுசரில் ஒரு தளத்தைத் திறந்தால், அது கேட்காமலேயே எத்தீரியம் முகவரியைப் படித்துவிடும். 2018-இல் வந்த ஈ.ஐ.பி. 1102 என்ற முன்மொழிவு, பயனர் அனுமதி தந்த பிறகே முகவரியைக் காட்ட வேண்டும் என்றது. நல்ல மாற்றம்தான். ஆனால் அதிலிருந்து காலிப் பட்டியலுக்கு இரண்டு அர்த்தம்: கணக்கே இல்லை, அல்லது பார்க்க அனுமதி இல்லை. விளக்கத்தில் இதைச் சொல்லாவிட்டால் ஏஜென்ட் என்ன செய்யும்? கணக்கு இல்லை போலிருக்கிறது என்று புதிதாக ஒன்றைத் தொடங்கி, பணத்தை அங்கே வாங்கிவிடலாம். பீரோ சாவி கிடைக்காத குமாஸ்தா, "கம்பெனிக்கு பேங்க் அக்கவுன்ட்டே இல்லை சார்" என்று வேறு பேங்கில் போய் ஒன்று திறந்தால் எப்படி? பேங்கில் திறந்ததையாவது மீட்கலாம். இங்கே புதுக் கணக்கின் சாவி தொலைந்தால் கதை கந்தல்.

அடுத்தது "கணக்கு" என்ற சொல்லே. பிட்காயின் கோர் மென்பொருளில் கணக்குகளைப் பட்டியலிடும் கட்டளை ஒன்று இருந்தது. அந்தக் கணக்கு வாலட்டுக்குள் எழுதி வைக்கும் ஒரு பெயர் மட்டுமே. ஒரு கணக்கிலிருந்து அனுப்பினால் பேரேட்டில் அந்தப் பெயரில் பற்று விழும். உண்மையில் செலவாகும் காசு வாலட்டில் எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கப்படும். இருப்பு மைனஸில்கூடப் போகும். பேங்க் கணக்கு மாதிரி என்று நினைத்தவர்கள் குழம்பினார்கள். 2018-இல் 0.17 பதிப்பில் அதை ஓரம்கட்டி, 2019-இல் 0.18-இல் நீக்கிவிட்டு, லேபிள் என்று பெயர் வைத்தார்கள். மனிதர்களையே இவ்வளவு சுற்றவிட்ட சொல் அது. எத்தீரியத்தில் ஒரு கணக்கு என்றால் ஒரு முகவரி. பிட்காயினின் சில வாலட்களில் ஒரு கணக்குக்குள் ஏராளமான முகவரிகள். எதைச் சொல்கிறோம் என்று எழுத ஒரு வாக்கியம் போதும், அதை எழுதுவதற்கு என்ன சோம்பல்?

முகவரியை முழுதாகத் தருவதும் அப்படித்தான். 42 எழுத்து நீளமாக இருக்கிறதே என்று முதல் நாலு, கடைசி நாலு மட்டும் காட்டுவது பழக்கமாகிவிட்டது. 2024 மே மாதம் ஒருவர் இப்படி முன்னும் பின்னும் ஒத்துப்போன போலி முகவரிக்கு 1,155 ராப்டு பிட்காயினை அனுப்பிவிட்டார். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 6.8 கோடி டாலர். (திருடியவர் பிறகு பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தது வேறு கதை. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் அமையாது.)

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது. ஒரு முகவரி தெரிந்தால் அதன் வரவுசெலவு முழுக்கத் தெரியும். பிளாக்செயின் திறந்த புத்தகம். ஒருவருடைய ஐந்து முகவரிகளையும் ஒரே பட்டியலாகக் கொடுத்தால், ஐந்தும் அவருடையதுதான் என்பதும் சேர்ந்து தெரிகிறது. படிக்க மட்டுமே செய்யும் கருவி என்பதால் அது ஆபத்தில்லாதது ஆகிவிடாது.

அந்த ஒற்றை வரி இப்படி இருந்திருக்கலாம்: "பயனர் அனுமதித்த எத்தீரியம் மெயின்நெட் முகவரிகளை மட்டும் தரும். பட்டியல் காலியாக இருந்தால் அனுமதி இல்லாமலும் இருக்கலாம்; புதுக் கணக்கு தொடங்காமல் பயனரிடம் கேட்கவும். 'பார்க்க மட்டும்' எனக் குறித்த கணக்கிலிருந்து பணம் அனுப்ப முடியாது. முகவரியைச் சுருக்காமல் காட்டவும். பட்டியலை வெளியே யாருக்கும் தர வேண்டாம்."

கருவி ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு எழுதினால் மாடலுக்கு டோக்கன் செலவு ஏறும், ஐம்பது கருவி இருந்தால் என்னாவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குக் கருவிகளின் எண்ணிக்கையைக் குறைக்கட்டும், வாக்கியங்களை அல்ல.