இனிஷியலுக்கு இடம் இல்லாத டிக்கெட்

தமிழர்களில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து இனிஷியல், பிறகு சொந்தப் பெயர், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் இது போதும். விமான டிக்கெட் எடுக்கும்போதுதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது.

ச. முருகன் என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. கிவன் நேம் கட்டத்தில் முருகன் மட்டும். டிக்கெட் எடுக்கும் இணையதளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கே விடாது. ஒரு நிறுவனம் அதே பெயரை இரண்டு தடவை எழுதச் சொல்லும். இன்னொன்று 'எஃப்.என்.யு' என்று போடச் சொல்லும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமாம் அது! பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயருக்கு இதுதான் மரியாதை. குழம்பிப்போன முருகன் சர்நேமில் 'எஸ்' என்று ஒற்றை எழுத்தைப் போட்டுவிட்டால் டிக்கெட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர்.

திருத்தித் தரச் சொன்னால் கட்டணம் கேட்பார்கள். சில சமயம் பழைய டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்வார்கள். பெயரை மாற்ற விட்டால் மலிவு விலையில் டிக்கெட்டை வாங்கி வேறு ஆளுக்கு விற்றுவிடுவார்கள் என்பது நிறுவனங்களின் பயம். நியாயமான பயம்தான். ஆனால் ஆளை மாற்றுவது வேறு, எழுத்தைத் திருத்துவது வேறு. பிறந்த தேதியும் பாஸ்போர்ட் எண்ணும் அப்படியே இருந்தால் பயணம் செய்யப்போவது அதே முருகன்தானே? அதற்கு எதற்குத் தண்டனை?

2019-ல் இந்திய அரசு வெளியிட்ட விமானப் பயணிகள் சாசனம், டிக்கெட் எடுத்த 24 மணி நேரத்துக்குள் பெயர்ப் பிழையைச் சொன்னால் திருத்தக் கட்டணம் வாங்கக்கூடாது என்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் முதல் தடவை துபாய்க்குக் கிளம்பும் ஒருவர், ஏஜென்ட் கொடுத்த காகிதத்தைப் பயணத்துக்கு முதல் நாள்தான் பிரித்துப் பார்ப்பார். அவருக்கு 24 மணி நேரம் எந்த மூலைக்கு?

2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. சில நாட்களிலேயே, பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று விளக்கமும் வந்தது. ஒரு நாட்டின் குடியேற்றத் துறையே அப்பா பெயரை ஏற்றுக்கொள்ளும்போது, ஒரு விமான நிறுவனத்தின் கணினிக்கு அது முடியாதா?

ஆள் மாறாத திருத்தத்துக்கு, விமானம் கிளம்பும் நாள் வரை கட்டணம் கூடாது. சர்நேம் கட்டத்தைக் காலியாக விடவும் வழி வேண்டும். அதுவரை முருகன்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். டிக்கெட் எடுக்கும்போது பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பாருங்கள். சர்நேம் காலி என்றால் என்ன எழுதுவது என்று முதலிலேயே நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். டிக்கெட் கைக்கு வந்த அன்றே இன்னொரு தடவை பாருங்கள்.