டேஷ்கேமுக்கு எந்த மெமரி கார்டு?

எட்டாயிரம், பத்தாயிரம் கொடுத்து காரில் டேஷ்கேம் மாட்டுகிறவர்கள், அதற்குள் போடும் மெமரி கார்டில் மட்டும் நானூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்கள். இரும்புப் பீரோ வாங்கிவிட்டு பூட்டை பிளாட்பாரத்தில் வாங்குகிற கதைதான் இது.

என் வாக்கிங் நண்பர் ஒருவர் போன வருடம் பட்டபாடு இருக்கிறதே! எதிர்த்திசையில் வந்த பைக் பையன் இவர் வண்டியில் மோதி, பாவம், அவனுக்குக் கால் முறிந்தது. நம் ஊர் நியாயப்படி பெரிய வண்டிமேல்தான் தப்பு. "கேமரா இருக்கு சார்" என்று தைரியமாக இருந்தார் மனிதர். வீட்டுக்கு வந்து கார்டைப் போட்டுப் பார்த்தால் கடைசி வீடியோ ஐந்து வாரம் பழையது. கேமராவில் சிவப்பு விளக்கு மட்டும் தினமும் ஒழுங்காக எரிந்திருக்கிறது. ஸ்டேஷனுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் மாதக்கணக்கில் நடந்தார்.

காரணம் எளிது. ஃபுல் எச்.டி. வீடியோ மணிக்கு சுமார் 6 அல்லது 7 ஜி.பி. பிடிக்கும். 64 ஜி.பி. கார்டு ஒன்பது, பத்து மணி நேரத்தில் நிறைந்துவிடும். பிறகு பழையதை அழித்து அதன்மேல் எழுதும். தினம் ஒரு மணி நேரம் ஓட்டும் நம்மைப் போன்றவர்களுக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை முழுக் கார்டும் அழிந்து எழுதப்படுகிறது. கால் டாக்ஸிக்காரருக்கோ தினமும். இப்படி எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அது தீர்ந்ததும் சில கார்டுகள் படிக்க மட்டும் விடும், எழுத விடாது.

கடைப் பையன் "நூற்றைம்பது எம்.பி. ஸ்பீடு சார்" என்பான். அது பெரும்பாலும் படிக்கும் வேகம். நம் கேமரா எழுதுவது நொடிக்கு இரண்டு, மூன்று எம்.பி.தான். 'கிளாஸ் 10' கார்டே 10 எம்.பி. தாங்கும். 4கே கேமராவுக்கு 'வி30' பாருங்கள், போதும். நாம் தேட வேண்டிய சொல் 'எண்டியூரன்ஸ்'. சான்டிஸ்க், சாம்சங் இரண்டிலும் இருக்கிறது. சான்டிஸ்க் ஹை எண்டியூரன்ஸ் 64 ஜி.பி.க்கு 5,000 மணி நேரம், மேக்ஸ் எண்டியூரன்ஸுக்கு 30,000 மணி நேரம் என்பது கம்பெனிக் கணக்கு. மே மாத வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் வேகும் கார்டுக்கு அதை அப்படியே நம்ப மாட்டேன். மூன்று வருடத்தில் மாற்றிவிட வேண்டும் என்பது என் கட்சி. டயரை மாற்றுவதில்லையா?

கேமரா ஏற்றுக்கொள்ளுமானால் 128 ஜி.பி. நல்லது. தேய்மானம் பாதியாகும். ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு வரும் 512 ஜி.பி. பக்கம் போகவே வேண்டாம். உள்ளே 16 ஜி.பி.தான் இருக்கும், வெளியே 512 என்று பொய் சொல்லும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுக்க எழுதிப் படித்துக் குட்டை உடைத்துவிடும். பல மணி நேரம் ஆகும். ஆகட்டும், நமக்கென்ன ஆபீஸா?

நம் சாலைகளுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு பள்ளத்தையும் ஸ்பீடு பிரேக்கரையும் விபத்து என்று நினைத்து, ஜி-சென்சார் அந்த வீடியோவை அழிக்காமல் பூட்டி வைக்கும். கார்டு அதிலேயே நிறைந்துவிடும். சென்சாரைக் குறைத்து வையுங்கள். தேவையான வீடியோவை எடுத்து வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை கேமரா மெனுவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

விபத்து என்று ஏதாவது நடந்துவிட்டால், முதலில் கேமராவை அணைத்து கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். வீடியோவை நகல் எடுத்த பிறகும் அந்தக் கார்டை மறுபடி கேமராவில் போடாதீர்கள். கோர்ட்டில் காட்ட பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.