குழந்தைக்குக் குழந்தையே காவலா?

மும்பையில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு ஆர்.எஸ்.பி. என்ற மூன்றெழுத்து நன்றாகவே தெரியும். ரோடு சேஃப்டி பேட்ரோல். என்.சி.சி., சாரணர் படை வரிசையில் சாலைப் பாதுகாப்புக்கென்று ஒரு மாணவர் படை. சாலை விதிகள், போக்குவரத்து போலீஸின் கை சைகைகள் என்று எல்லாம் இதில் சொல்லித் தருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால், சாலையில் இந்த மாணவர்களின் வேலை எதுவரை?

இத்தகைய படைகளின் பூர்வீகம் அமெரிக்கா. 1920இல் சிகாகோவில் வேகமாக வந்த வாகனம் மோதிப் பல குழந்தைகள் பலியானார்கள். அதைக் கண்டு பதறிய சிகாகோ மோட்டார் கிளப் தலைவர் சார்லஸ் ஹேய்ஸ், மாணவர் காவல் படைக்கு வித்திட்டார். 1921இல் செயின்ட் பால் நகரில், கதீட்ரல் பள்ளித் தலைமையாசிரியை சிஸ்டர் கார்மெலா ஹாங்கியும் தன் மாணவர்களைப் பள்ளியருகே சாலையோரம் காவலுக்கு நிறுத்தினார்.

அங்கே பின்னர் ஒரு விதி உறுதியானது. காவல் மாணவன் குழந்தைகளைத்தான் கட்டுப்படுத்த வேண்டும், வாகனங்களை அல்ல. நடைபாதை விளிம்பில் நின்று, சாலை காலியாகும்வரை சின்னப் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துவதோடு அவன் பொறுப்பு முடிகிறது. பிரிட்டன் வேறு வழியில் போனது. 1953இல் தனிச் சட்டம் இயற்றி, வாகனங்களை நிறுத்தும் அதிகாரத்தைப் பெரியவர்களிடம் கொடுத்தது. கோலின் நுனியில் வட்டப் பலகையுடன் நிற்கும் அவர்களுக்கு மக்கள் வைத்த பெயர் 'லாலிபாப்'காரர்கள். அந்தப் பலகையை மதிக்காமல் போவது குற்றம்.

இரண்டு முறைகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: சீறிவரும் வண்டிக்கு முன்னால் சிறுவன் போய் நிற்கக் கூடாது.

மும்பையில் சிக்கல் இன்னும் கீழிருந்தே தொடங்குகிறது. மாட்டுங்காவின் மரநிழல் தெருக்களில் ஒதுங்கி நிற்க நடைபாதையாவது உண்டு. தாராவி 90 அடி சாலையிலோ சரக்கு மூட்டை, கைவண்டி, நிறுத்திய டெம்போ எல்லாம் போக மிஞ்சிய இடத்தில்தான் பிள்ளைகள் நடக்கிறார்கள். நிற்கவே இடமில்லாத இடத்தில், 'இங்கேயே நில்' என்று காவல் மாணவன் யாரிடம் சொல்வான்?

சிக்னல் இல்லாத பாதசாரிக் கடவையில் வேகத்தைக் குறைத்து, நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள். அதை அமல்படுத்த வேண்டியது போலீஸ். நடைபாதையை மீட்டுத்தர வேண்டியது மாநகராட்சி. தாராவியைத் திருத்தி அமைக்கும் திட்டத்துக்கு அரசு 2004லேயே ஒப்புதல் தந்துவிட்டது. அடுக்குமாடிகளுக்கு இடம் ஒதுக்குபவர்கள் ஒவ்வொரு பள்ளி வாசலிலும் அகலமான நடைபாதைக்கும் கொஞ்சம் ஒதுக்கட்டும்.

பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு பேட்ஜ் குத்திவிடுவது சுலபம். பெரியவர்களின் கடமையையும் அவன் தோளில் ஏற்றக் கூடாது.