பணக்காரனின் பண்ட் நமக்கு எதற்கு?



கொஞ்ச நாளாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு கதை ஓடுகிறது. "யுனிட் ட்ரஸ்ட்டில் போட்டு என்ன கிடைக்கும்? பெரிய முதலாளிமார் போடுவது ஹெட்ஜ் பண்ட். நம்மையும் சேர்த்துவிட ஆள் இருக்கு. மாதா மாதம் இலாபம் நிச்சயம்."

கட்டாரில் உழைத்த காசும், வீடு கட்டச் சேர்த்த காசும், ஓய்வுபெறும்போது கிடைத்த பணிக்கொடையும் இந்தக் கதைக்குத்தான் இரையாகப் போகின்றன. அதனால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

வெளிநாட்டில் மியூச்சுவல் பண்ட் என்பது இங்கே யுனிட் ட்ரஸ்ட். பலரின் சிறு தொகைகளைச் சேர்த்துப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போடுகிறார்கள். நம் நாட்டில் அதற்குப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். சொத்து, நம்பிக்கைப் பொறுப்பாளரான வங்கியின் பிடியில் இருக்கும். அலகின் விலை அன்றன்று தெரியும். விலை இறங்கவும் கூடும், ஆனால் இறங்கியது நமக்குத் தெரியவரும்.

ஹெட்ஜ் பண்ட் வேறு. கடன் வாங்கிப் பந்தயத்தைப் பெருக்கும். கையில் இல்லாத பங்கை இரவல் வாங்கி விற்கும். போட்ட பணத்தை நினைத்த நேரம் எடுக்க முடியாது. வழமையான கட்டணம் வருடத்துக்கு 2 சதவீதம், இலாபத்தில் 20 சதவீதம். அமெரிக்காவில்கூட இதில் சேர, பொதுவாக வசிக்கும் வீட்டை விட்டுவிட்டு 10 இலட்சம் டொலர் சொத்தோ, வருடத்துக்கு 2 இலட்சம் டொலர் வருமானமோ வேண்டும். நட்டம் வந்தாலும் தாங்கக்கூடியவனுக்கான கதவு அது.

அந்தக் கதவுக்குப் பின்னால் புதையலா இருக்கிறது? 2008 தொடக்கம் 10 வருடத்துக்கு வொரன் பஃபெட் ஒரு பந்தயம் கட்டினார். பந்தயம் நமக்கு ஆகாது, கணக்கை மட்டும் பாருங்கள். அவர் சொன்ன சாதாரண இன்டெக்ஸ் பண்ட் சுமார் 126 சதவீதம் வளர்ந்தது. பல ஹெட்ஜ் பண்ட்களில் முதலிட்ட ஐந்து நிதியங்களின் சராசரி சுமார் 36 சதவீதம்தான்.

எல்.டி.சி.எம். என்ற ஹெட்ஜ் பண்டில் நோபல் பரிசு பெற்ற இருவர் இருந்தார்கள். சொந்தமாக இருந்த ஒவ்வொரு டொலருக்கும் சுமார் 25 டொலர் கடன். 1998இல் அது சரிந்தபோது 14 நிறுவனங்கள் 3.6 பில்லியன் டொலர் போட வேண்டி வந்தது. நம் கொழும்பில் பிறந்த ராஜ் ராஜரட்ணத்தின் கலியன் பண்டும் உலகப் புகழ் பெற்றதுதான். கம்பனிகளின் உள்ளிரகசியத்தை வைத்து வியாபாரம் செய்ததற்காக 2011இல் அவருக்கு 11 வருடச் சிறை.

இன்னொன்று. "இது முளாரபா, ஹலால்" என்றும் சொல்கிறார்கள். முளாரபாவில் நட்டம் வந்தால் முதல் போட்டவர் தாங்க வேண்டும். மாதம் இவ்வளவு நிச்சயம் என்றால் அது முளாரபாவே அல்ல. புதிதாகச் சேர்பவரின் காசைப் பழையவருக்குக் கொடுப்பதாக இருந்தால் அது பிரமிட், இலங்கைச் சட்டப்படி குற்றம்.

கோடீஸ்வரனுக்கு மட்டும் திறக்கும் கதவை உங்கள் ஐந்து இலட்சத்துக்காக ஒருவன் திறந்து காட்டினால், அது அந்தக் கதவு அல்ல.

ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள். ஆணைக்குழுவின் அனுமதிப் பத்திரம் எங்கே? சொத்தை வைத்திருக்கும் வங்கி எது? நாளை கேட்டால் என் காசு எப்போது வரும்?

பதில் வராவிட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கேட்பவர் ஊரறிந்த ஹாஜியாராக இருந்தாலும் சரி, சொந்த மச்சானாக இருந்தாலும் சரி.