இடுப்பில் கட்டும் பாரம்

"பையன் பாரில் டிப்ஸ் எடுத்துப் பழகுகிறான். இப்போது இடுப்பில் எடை கட்டித் தொங்கவிட ஒரு பெல்ட் வேண்டும் என்கிறான். வாங்கித் தரலாமா?" என்று நம்மைக் கேட்கும் பெற்றோர் இந்நாளில் அநேகர். கேட்கும்போதே அவர்கள் முகத்தில் கவலை தெரிகிறது. பணத்தைப் பற்றிய கவலை கொஞ்சம். பிள்ளையின் தோளைப் பற்றிய கவலை அதிகம். இரண்டாவது கவலை நியாயமானதே. தாராளமாக வாங்கித் தரலாம் என்பதே நம் பதில். ஆனால் எப்போது என்பதுதான் விஷயம்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். பெல்ட் என்ற ஒரே பெயரில் கடைகளில் இரண்டு வேறு சாமான்கள் விற்கின்றன. தரையிலிருந்து பெரும் பளுவைத் தூக்குகிறவர்கள் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது ஒன்று. அதில் எதையும் தொங்கவிட முடியாது. நாம் சொல்வது மற்றொன்று. பின்புறம் அகன்று, முன்புறம் இரண்டு உலோக வளையங்களும் ஒரு சங்கிலியும் உடையது. சங்கிலியில் பிளேட் என்னும் இரும்புத் தட்டைக் கோத்துக் கால்களுக்கிடையே தொங்கவிட்டு, டிப்ஸோ புல்-அப்போ எடுப்பார்கள்.

உடல் எடை போதாதென்று இரும்பையும் ஏன் சுமக்க வேண்டும்? இந்த யோசனை புதிதன்று. வடநாட்டு மல்லர்கள் கழுத்தில் கனத்த கல்வளையத்தை மாட்டிக்கொண்டு பஸ்கி போடுவது பழைய வழக்கம். உடல் தனக்குப் பழகிய வேலைக்கு மேல் பலத்தைச் சேர்ப்பதில்லை. ஐந்து முறை எடுத்தவன் இருபது முறை எடுக்கலாம். அதற்கப்பால் எண்ணிக்கையைக் கூட்டினால் களைப்பைத் தாங்கும் சக்தி வளருமேயன்றிப் பலம் அவ்வளவாக வளராது. பாரத்தைப் படிப்படியாக ஏற்றுவதே பலத்துக்கு வழி என்பதை, காயமுற்ற சிப்பாய்களுக்குச் சிகிச்சை செய்த அமெரிக்க ராணுவ டாக்டர் தாமஸ் டிலோர்ம் 1945-ல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். 'படிப்படியாக' என்ற சொல்லைத்தான் நம் வாலிபர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 60 கிலோ எடையுள்ளவன் சாதாரணத் தண்டால் எடுக்கும்போது அவன் கைகள் தாங்குவது சுமார் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 40 கிலோ. டிப்ஸில் கால் தரையில் இல்லாதபடியால் ஏறக்குறைய 60 கிலோவும் கைகளின் மேல் இறங்குகிறது. ஆகவே தண்டாலை விட்டு டிப்ஸுக்கு வந்தபோதே அவன் 20 கிலோ ஏற்றிக்கொண்டுவிட்டான்! அது நன்றாகச் செரிப்பதற்கு முன் இரும்பைக் கட்டுவது, முதல் பந்தி சாப்பிட்ட கையோடு இரண்டாம் பந்தியில் உட்காருவது போலத்தான்.

செரித்ததா என்று அறிய ஒரு பரீட்சை உண்டு. ஆட்டமில்லாமல், மேற்கை தரைக்கு இணையாக வருமளவும் நிதானமாக இறங்கி, முழங்கை நிமிரும் வரை ஏறி, இப்படிப் பத்துப் பன்னிரண்டு டிப்ஸ் எடுக்கட்டும். புல்-அப் ஆனால் காலை உதைக்காமல் எட்டு. இவை முடியாத வரையில் பெல்ட் வேண்டுவதில்லை. நம் பழைய மாணவன் ஒருவன் சிநேகிதர்கள் உசுப்பியதன்பேரில் முதல் நாளே 20 கிலோவைக் கட்டிக்கொண்டு இறங்கினான். பிறகு பல மாத காலம் கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சட்டை போடக்கூட அவனால் இயலவில்லை.

பரீட்சையில் தேறியவனுக்கு வாங்கும்போது பகட்டைப் பார்க்காதீர்கள்; தையலைப் பாருங்கள். வளையம் கோத்திருக்கும் இடத்தில் நூல் பல வரிசையாக, குறுக்கும் நெடுக்கும் ஓடியிருக்க வேண்டும். வளையம் வாய் திறந்திராமல் பற்றவைத்து மூடியதாயிருக்க வேண்டும். கொக்கி, சாவிக்கொத்து மாட்டும் விளையாட்டுச் சாமானாக இராமல், தாங்கும் எடை குறித்ததாயிருத்தல் அவசியம். தோல் நெடுநாள் உழைக்கும். ஆனால் ஆரம்பத்தில் விறைப்பாயிருக்கும். மெத்தை வைத்த நைலான் மலிவு. வியர்வைக்குப் பின் உலர்த்துவதும் எளிது. நூற்றுக்கணக்கான கிலோ தாங்கும் என்ற விளம்பரத்துக்காக அதிக விலை கொடுப்பது வீண். சங்கிலி மிக நீண்டால் தட்டு முழங்காலில் இடிக்கும். மிகக் குறுகினால் அடிவயிற்றில் இடிக்கும். தொடை நடுவில் நிற்பதே சரி.

கட்டும் முறையிலும் கவனம் வேண்டும். பெல்ட் வயிற்றின் மேலன்று, அதற்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். சங்கிலியைத் தட்டின் துவாரத்தில் விட்டு எதிர் வளையத்தில் பூட்டி, ஒரு முறை இழுத்துப் பார்த்துக்கொள்க. ஒரு முக்காலியின் மேல் ஏறி நின்று பாரைப் பிடிக்க வேண்டும். எடையோடு எம்பிப் பிடிப்பதும், முடிந்ததும் 'தொப்'பென்று குதிப்பதும் ஆபத்து. தட்டு ஊஞ்சலாடாதபடி தொடைகளால் அணைத்துக்கொள்ளலாம். மூச்சை அடக்கக்கூடாது. வீட்டு வாசற்படியில் பொருத்திய கம்பியானால், உடலின் எடையையும் இரும்பின் எடையையும் கூட்டி, அத்தனையையும் அது தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

முதல் நாள் 2.5 கிலோ போதும். இவ்வளவுதானா என்று பையன் முகம் சுளிப்பான். 60 கிலோவில் அது நூற்றுக்கு நான்கு பங்கு. 10 கிலோவோ ஆறில் ஒரு பங்கு என்று சொல்லுங்கள். ஐந்தைந்தாக மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு மூன்று நிமிஷ ஓய்வு, வாரத்துக்கு இரண்டு நாள். எட்டெட்டாக மூன்று முறை சிரமமின்றி எடுத்த பிறகே அடுத்த 2.5 கிலோ. தசை சீக்கிரம் பலப்படும். தசையை எலும்போடு பிணைக்கும் நாண் மெதுவாகத்தான் பலப்படும். தசை 'ஆகட்டும்' என்னும்போது நாண் 'பொறு' என்கிறது. பொறு என்கிறவன் பேச்சையே கேட்க வேண்டும்.

இவையனைத்தும் பெண்களுக்கும் பொருந்தும். தோள்வலி, குடலிறக்கம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது.

பெல்ட்டோடு ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் வாங்கிக் கொடுங்கள். தேதி, எடை, எண்ணிக்கை மூன்றையும் பையன் தன் கையாலேயே எழுதி வரட்டும். எப்போது எடையைக் கூட்டலாம் என்பதை அந்த நோட்டே சொல்லும். பக்கத்து வீட்டுப் பையன் எத்தனை கிலோ கட்டுகிறான் என்பதற்கு அதில் இடம் வேண்டாம்.